காலை வெயிலை நம்பலாமா?

பூகோள பாடத்திலே ‘கண்டச் சீதோஷ்ணம்’ என்றொரு தொடர் வரும். மாணவர் அதனை மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். அத்தொடருக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியுள்ளன என்பதை ஒரு நாட்டுப்புறத்தின் வரலாற்றைப் படித்த பின்னரே உணர்ந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே, நெப்ராஸ்கா மாநிலத்தில், ‘பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் வாலி கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது நமது மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. ஓர்ட் என்னும் சிறு பட்டினமே அதன் தலைமையிடம். சுற்றிலும் சோள வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமே.

கடல் அருகிலிருந்தால் கோடையைத் தணிக்கும், குளிரையும் தணிக்கும். இங்கோ எத்திசையிலும் 800 மைலுக்குள் கடலில்லை. மேற்கே றொக்கி மலைகள் பசிபிக் கடலின் ஈரக்காற்றை மறிக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் மறிக்கும் மலை எதுவுமில்லை. ஆகவே வடதுருவக் குளிர்காற்றும், மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்றும் தடையின்றி வந்து மோதுகின்றன. வசந்தத்தில் ஆலங்கட்டி மழையையும் சுழல்காற்றையும் எழுப்புவது அம்மோதலே. சோளத்தை வளர்க்கும் மழையைத் தருவதும் அதுவே. ஆண்டு மழை ஏறத்தாழ 25 அங்குலம். அதிற் பெரும்பகுதி சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் பெய்யும். ஆடியில் வெப்பம் 90 பாகை பாரன்ஹீட்டை எட்டும். தை மாத இரவுகளிலோ பூச்சியத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி காலை குளிர் சற்றுத் தணிந்திருந்தது. அந்த இதத்தை நம்பிப் பிள்ளைகள் பலர் கனத்த மேலங்கியின்றிப் பாடசாலை சென்றனர். பின்னர் வடமேற்கிலிருந்து பனிப்புயல் சுவர் போல எழுந்து வந்தது. மாவினும் நுண்ணிய பனித்துகள் கண்ணையும் மூச்சையும் அடைத்தது. வீடு நோக்கி நடந்த சிறுவர் பலர் வழி தவறி உறைந்து மாண்டனர். அச்சமவெளிப் பிரதேசம் முழுவதிலும் மாண்டோர் 235 பேர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. ‘பிள்ளைகளின் பனிப்புயல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வாலி கவுண்டியிலே, புற்றரையை வெட்டியெடுத்துக் கட்டிய ஒரு சிறு பாடசாலையில் மினி பிரீமன் என்னும் இளம் ஆசிரியை கற்பித்து வந்தார். காற்றுக் கூரையைப் பெயர்த்துவிடவே, அவர் பிள்ளைகளை ஒருங்குசேர்த்து அயலிலிருந்த பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கயிற்றினாற் பிணைத்துச் சென்றார் என்றும் ஒரு கதை உண்டு. அது எவ்வாறாயினும், அவரை நம்பி வந்த பிள்ளைகளில் ஒருவரேனும் மாளவில்லை.

இன்று ராடரும் செய்மதியும் புயலை முன்கூட்டியே அறிவிக்கின்றன. எனினும் காற்றுகள் வரும் வழி மாறவில்லை.

பெற்றோரே, இன்று மாலை தேசப்படத்தை விரித்து, நெப்ராஸ்காவின் மேல் உங்கள் பிள்ளையின் விரலை வையுங்கள். அவ்விரலை வடக்கே நகர்த்தி, காற்றைத் தடுக்க மலை உண்டா எனத் தேடச் சொல்லுங்கள். அதன் பின் அந்த ஆசிரியையின் கதையைக் கூறுங்கள். வகுப்பிலே நாமும் இனி அவ்வாறே தொடங்குவோம்.