விருந்தினர் வரியும் வீட்டுக்காரர் கணக்கும்

எட்வர்ட் ஆபி 1956, 1957 ஆகிய இரு ஆண்டுகளில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆர்ச்சஸ் பகுதியில் பருவகாலக் காவலராக வேலை பார்த்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய ‘டெஸர்ட் சாலிடேர்’ 1968இல் வெளிவந்தது. இயற்கை எழுத்தில் ஈடுபாடு கொண்ட வாசகர்கள் பலர் அதைப் படித்திருப்பார்கள். தேசியப் பூங்காக்களுக்குள் தார்ச்சாலை போட்டு, காரைவிட்டு இறங்காமலே பாலையைப் பார்த்துச் செல்லும் கூட்டத்தைப் பெருக்குவது சுற்றுலாவை ஆலைத் தொழிலாக்கும் வேலை என்பது அந்நூலில் அவர் வைக்கும் வாதங்களுள் முக்கியமானது. கார்கள் வெளியே நிற்கட்டும், மனிதர்கள் நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோ உள்ளே போகட்டும், இயலாதவர்களுக்குப் பேருந்து இருக்கட்டும் என்றார் ஆபி.

அந்த நூலைப் படித்துவிட்டு ஆர்ச்சஸுக்குக் கிளம்பியவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். போனது காரில்தான் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூட்டத்தை வெறுத்து எழுதப்பட்ட நூலே கூட்டத்தை அழைத்துவந்தது என்பது இலக்கிய வாசகர்கள் யோசிக்க வேண்டிய முரண். அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு முரண், பூங்காவின் வாசலில் இருக்கும் மோவாப் என்ற சிற்றூரின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. வருகிற விருந்தினரிடம் வாங்கும் வரிப்பணத்தில் பெரும்பகுதியை மேலும் விருந்தினரை அழைக்கவே செலவிட வேண்டும் என்ற நிலையில் அவ்வூர் பல ஆண்டுகள் இருந்துவந்திருக்கிறது.

மோவாப்பின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,300. ஆர்ச்சஸ் பூங்காவுக்கு 2021இல் வந்தவர்கள் 18 லட்சம் பேர். முழங்கால் அளவுக் குளத்தில் யானை இறங்கியது போல என்று சொல்லலாம். ஆனால் யானையை அழைத்தது குளம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அழைத்ததற்குக் காரணமும் இருந்தது.

1952இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாப்புக்குத் தெற்கே யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். பழத்தோட்டங்களும் மேய்ச்சலுமாக இருந்த ஊர் ஒரே வீச்சில் சுரங்க நகரமாயிற்று. பிறகு யுரேனியத்துக்குக் கிராக்கி போயிற்று. கொலராடோ ஆற்றங்கரையில் இருந்த யுரேனிய ஆலை 1984இல் நின்றது. வேலை போனவர்கள் வீடுகளைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனார்கள். மிஞ்சி நின்றவர்களுக்குக் கையில் இருந்த ஒரே முதல் சுற்றியிருந்த செம்பாறைதான். வாருங்கள், வந்து பாருங்கள் என்று அவர்கள் உலகத்தைக் கூவி அழைத்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. வயிறு காய்ந்தவன் வைத்த கடை அது.

தவறு, கடை நிரம்பி வழிந்த பிறகும் கூவுவதை நிறுத்தாததில்தான் தொடங்குகிறது. யூட்டாவில் விடுதி அறைகளின் வாடகைமீது ஒரு வரி உண்டு. அதைக் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், பெறுகிறது. அந்த வருவாயில் ஏறத்தாழப் பாதியைச் சுற்றுலாவை வளர்க்கவும் விளம்பரப்படுத்தவுமே செலவிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் பல ஆண்டுகள் கட்டாயப்படுத்தியது. மீதியைத்தான் குப்பை அகற்றுதல், அவசர மருத்துவம், காவல், சாலைப் பராமரிப்பு, மலையிடுக்கில் சிக்கியவர்களைத் தேடி மீட்டல் போன்றவற்றுக்கு எடுக்க முடிந்தது. மீட்புப் பணி பெயரளவிலானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மோவாப் அமைந்துள்ள கிராண்ட் கவுண்டியின் மீட்புக் குழு, யூட்டாவிலேயே அதிக அழைப்புகள் பெறும் குழுக்களில் ஒன்று.

பூங்காவின் நுழைவுக் கட்டணம் ஊருக்கு உதவாதா என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி அதில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த பூங்காவிலேயே தங்க வேண்டும். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பூங்காவைப் பார்க்க வந்தவர் இரவில் உறங்குவதும் குளிப்பதும் குப்பை போடுவதும் கால் முறிந்தால் படுப்பதும் ஊரில். அந்தச் செலவுக்கு ஊர் நம்பியிருப்பது அறை வரியையும் விற்பனை வரியையும்தான். கவுண்டியின் நிலத்தில் பெரும்பகுதி கூட்டரசுக்குச் சொந்தமானது என்பதால் சொத்து வரிக்கும் வழி குறைவு.

இதற்கு மேல் மாநில அரசும் தன் பங்குக்கு அழைத்தது. 2013இல் யூட்டா சுற்றுலாத் துறை தன் ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே கட்டாகச் சேர்த்து, ‘வலிமைமிகு ஐந்து’ என்ற பொருள்படும் பெயரில் பெரும் விளம்பரத்தைத் தொடங்கியது. அது வெற்றி பெற்றது. 2013இல் ஏறக்குறைய 11 லட்சமாக இருந்த ஆர்ச்சஸ் வருகை 2016இல் 16 லட்சத்தை நெருங்கியது. இடையில் 2015ஆம் ஆண்டு மே மாத நீள்வார விடுமுறையில் பூங்கா வாசலில் நின்ற கார் வரிசை நெடுஞ்சாலைவரை நீண்டது. விபத்துக்கு அஞ்சி நெடுஞ்சாலைக் காவல் துறை வாசலையே மூடிவிட்டது. பணம் கொடுத்து அழைத்த விருந்தினரைத் தெருவில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய கதை அது.

விழாக்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. ஈஸ்டரை ஒட்டி நடக்கும் ஜீப் சவாரி விழாவை 1967இல் தொடங்கியது ஊர் வணிகர் சங்கம். ஒருநாள் சவாரியாக ஆரம்பித்தது இன்று ஒன்பது நாள் திருவிழா. பாறைகளுக்கிடையே ஆற்றங்கரையில் செவ்வியல் இசை கேட்க வைக்கும் மோவாப் இசை விழா 1992 முதல் கோடையின் கடைசியில் நடக்கிறது. நாட்டார் இசை விழா 2003இல் தொடங்கியது, அது நவம்பரில். மூன்றும் விழாக்கள்தாம், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, ஏற்கெனவே அறை கிடைக்காத வசந்தத்தில் வருகிறது. கடைசியது, கூட்டம் வடிந்து பரிசாரகருக்கும் சமையற்காரருக்கும் வேலை நேரம் குறையத் தொடங்கும் மாதத்தில் வருகிறது. முதலாவதற்கு வரிப்பணம் தேவையில்லை, அது தன் காலிலேயே நிற்கும். கடைசியதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் ஒரு குடும்பத்தின் குளிர்காலத்தை ஒரு வாரம் சுருக்கும்.

பொதுவாகச் சுற்றுலா நிதியிலிருந்து விழாக்களுக்கு உதவும்போது கேட்கப்படும் கேள்வி, எத்தனை அறைகள் நிரம்பும் என்பதே. நான் வேறு மூன்று கேள்விகளை வைப்பேன். இது எந்த மாதத்தில் நடக்கிறது? முடிந்தபின் தெருவைக் கூட்டும் செலவு யாருடையது? ஊர்க்காரர் இதில் வந்து உட்காருவாரா, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு இது முடியக் காத்திருப்பாரா? ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோம். ஊரார் கை வடத்தில் படாத தேர், வெறும் வாகனப் போக்குவரத்து.

எதிர்த்தரப்பின் வாதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2013 அக்டோபரில் கூட்டரசின் நிர்வாகம் முடங்கிப் பூங்காக்கள் மூடப்பட்டபோது, அவற்றைப் பத்து நாட்களுக்குத் திறந்துவைக்க யூட்டா மாநிலம் 16.7 லட்சம் டாலரைத் தானே கட்ட முன்வந்தது. இம்மாதிரி ஊர்கள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அழைப்பதை நிறுத்தினால் 1984 திரும்பிவரும் என்ற அச்சம் பொய்யன்று. அதை அனுபவித்தவர்கள் அவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் 2020 மார்ச்சையும் அவர்கள் பார்த்தார்கள். கொரோனா பரவியபோது மோவாப்பின் மருத்துவமனையில் இருந்தவை 17 படுக்கைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. விருந்தினரைத் தடுத்து நிறுத்துங்கள் என்று மருத்துவமனையே மாநில ஆளுநரிடம் முறையிட்டது. சுகாதாரத் துறை விடுதிகளை வெளியூர்ப் பயணிகளுக்கு மூடியது. லட்சக்கணக்கானவர்களை அழைக்கக் காசு ஒதுக்கத் தெரிந்த ஏற்பாடு, அவர்களில் பத்துப் பேர் ஒன்றாய் நோயுற்றால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே வருகை உச்சத்தைத் தொட்டது.

பூங்கா தன் பங்கைச் செய்து பார்த்தது. 2022 முதல் 2025 வரை கூட்டம் மிகும் மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவுச் சீட்டு இருந்தால்தான் உள்ளே போக முடிந்தது. வியாபாரம் குறைகிறது என்று ஊர் வணிகர்களில் ஒரு சாரார் அதை எதிர்த்தார்கள். ஊரும் தன் பங்குக்கு 2019இல் புதிய விடுதிகளுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. ஒரு கை கதவைச் சாத்த, இன்னொரு கை விளம்பரப் பலகையைத் தூக்கிப் பிடித்தது. இரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்பதை அறை வரிச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

அதே யூட்டாவில் ஜயான் பூங்கா வேறு வழியைக் காட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே பள்ளத்தாக்கிற்குள் பேருந்து ஓடுகிறது, பருவகாலத்தில் தனியார் காருக்கு அனுமதியில்லை. வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊருக்குள்ளும் அதனோடு இணைந்த பேருந்து இலவசமாக ஓடுகிறது. விருந்தினர் ஊரிலேயே காரை விட்டுவிட்டுக் கடைத்தெரு வழியாக நடக்கிறார், ஊருக்கும் வியாபாரம். ஆபி எரிச்சலோடு எழுதிவைத்த யோசனை, முப்பதாண்டு கழித்து இன்னொரு பூங்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து எளிது. விருந்தினர் வரி முதலில் விருந்தினரால் உண்டாகும் செலவை அடைக்கட்டும். மீட்புக் குழு, மருத்துவ ஊர்தி, கழிப்பறை, பேருந்து ஆகியவற்றுக்கும், ஊரில் வீடு கிடைக்காமல் வண்டியில் படுத்து எழுந்து வேலைக்கு வரும் ஊழியரின் குடியிருப்புக்கும் போக மிஞ்சியதே விளம்பரத்துக்கு. அதுவும் ஆளில்லாத மாதத்துக்கு மட்டும். எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்யும் உரிமை தலைநகரில் அல்ல, குப்பை அள்ளும் ஊரில் இருக்க வேண்டும்.

மோவாப்பின் யுரேனிய ஆலை போகும்போது ஆற்றங்கரையில் 1.6 கோடி டன் கதிரியக்கக் கழிவை விட்டுப்போயிற்று. ஆலை நிறுவனம் 1998இல் திவாலானது. அந்தக் குன்றை ரயிலில் ஏற்றி வேறிடத்தில் புதைக்கும் வேலை 2009இல் அரசுப் பணத்தில் தொடங்கியது. ஊர் கண்ட முதல் செழிப்பின் பாக்கியைப் பேரப்பிள்ளைகள் கட்ட நேர்ந்தது. இரண்டாவது செழிப்பின் கழிவுக்குக் கதிரியக்கம் இல்லை, அதனால் கண்ணில் படுவதுமில்லை. குடியிருக்க முடியாத வாடகையாக, கலைந்துபோன அண்டை வீடுகளாக அது சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதை ஏற்றிப்போக எந்த ரயிலும் வராது.