கணக்கில் ஏறாத ரத்தப்போக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனாக் காலத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டதும், அந்தக் கணக்கு முறையையே மத்திய அரசு ஏற்க மறுத்ததும் பலரும் அறிந்தவை. அந்தக் கூடுதலில், தொற்று அண்டாமலே, வேறு நோய்க்கான சிகிச்சை தடைப்பட்டதால் இறந்தவர்களும் அடங்குவர். அவர்களுள் இரைப்பையிலும் குடலிலும் ரத்தம் கசிந்து மாண்டவர்கள் தேனி மாவட்டத்தில் எத்தனை பேர் என்று சொல்லும் அறிக்கை எதுவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படாததே இக்கடிதத்தின் ஆட்சேபம்.

இரைப்பைப் புண் ரத்தநாளம்வரை அரிப்பதாலோ, கல்லீரல் சுருக்க நோயாளியின் உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் ரத்தநாளம் கிழிவதாலோ நேரும் இக்கசிவு, ரத்த வாந்தியாகவோ தார்போன்ற கறுத்த மலமாகவோ வெளிப்படும். ஏலக்காய்த் தோட்ட வேலையின் உடல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை முதலாவதற்கு ஒரு காரணம்; இரண்டாவதற்கு மது. கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திக் கசியும் இடத்தை அங்கேயே அடைக்கும் எண்டோஸ்கோப்பியை 24 மணி நேரத்துக்குள், ரத்தநாளப் புடைப்பானால் 12 மணி நேரத்துக்குள், செய்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரையறை.

தொற்றைப் பரப்பக்கூடிய சிகிச்சை என்று எண்டோஸ்கோப்பி கருதப்பட்டதால், அவசரமற்றவற்றைத் தள்ளிவைத்து ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு மட்டும் செய்யுமாறு 2020-இல் இந்தியக் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் வழிகாட்டின. ஏட்டளவில் இது சரியே. ஆனால் புடைத்த ரத்தநாளத்தில் ரப்பர் வளையம் இட்டு இறுக்கும் சிகிச்சை ஒரே முறையில் முடிவதன்று. சில வார இடைவெளியில் நோயாளி திரும்பத் திரும்ப வந்தால்தான் அடுத்த கசிவைத் தடுக்க முடியும். நாள் குறித்து வரவழைக்கும் சிகிச்சை என்பதால் அது தள்ளிப்போடக்கூடியவற்றின் வரிசையில் எளிதில் சேர்ந்துவிட்டது. அதாவது, அவசரத்தை வராமல் தடுக்கும் சிகிச்சையே அவசரமற்றதாக எண்ணப்பட்டது. ஊரடங்கில் பேருந்துகள் நின்று, ரத்ததான முகாம்களும் குறைந்த நிலையில், குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைக் குடியிருப்புகளிலிருந்து ஒருவரைப் போடிக்கும், அங்கிருந்து க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் மதுரைக்கும் கொண்டு சேர்க்க 12 மணி நேரம் போதுமா என்பதை இவ்வட்டாரத்தின் சாலைகளை அறிந்தவர்கள் சொல்வார்கள். மருத்துவக் காரணத்துக்கு இ-பாஸ் என்ற பயண அனுமதி உண்டு என்றது ஊரடங்கு விதி. ரத்த வாந்தி எடுப்பவர் எந்தச் சான்றைக் காட்டி விண்ணப்பிப்பது என்று விதி யோசிக்கவில்லை. (மதுக்கடைகளை 2020 மே 7-இலேயே திறக்கத் தமிழக அரசால் முடிந்தது என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.)

பிரிட்டனில் எண்டோஸ்கோப்பிகளைப் பதியும் தேசியத் தரவகம் இருந்ததால், அவை வழக்கமான அளவில் சுமார் 5 சதவீதமாகச் சரிந்ததைச் சில மாதங்களிலேயே அந்நாட்டால் அறிய முடிந்தது. இங்கேயோ அப்படியொரு கணக்கு மக்கள் பார்வைக்கு வரவில்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் பணியாளர்கள் மூலம் வீடு தேடி மாத்திரை வருகிறது. கல்லீரல் சுருக்க நோயாளிகளையும் முன்பு ஒருமுறை ரத்தம் கசிந்தவர்களையும் அதே பணியாளர்களின் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. அதற்கு முன்னதாக, 2019 முதல் 2021 வரை தேனி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாதந்தோறும் செய்யப்பட்ட எண்டோஸ்கோப்பிகள், ஏற்றப்பட்ட ரத்த அலகுகள், ரத்தக்கசிவோடு வந்து இறந்தோர் ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிலமலை, தேனி மாவட்டம்.