வெட்கம் திறந்து வைக்கும் கதவு

மல்லாங்கிணறு டீக்கடை பெஞ்சில் எய்ட்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "கொசு கடிச்சா வருமாண்ணே? ஒரே கிளாஸ்ல டீ குடிச்சா ஒட்டிக்குமா?" என்றுதான் கேள்வி வரும். இரண்டிலும் வராது. ரத்தம் வழியாகவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும் என்றாலும், பெரும்பாலும் வருவது உடலுறவால். அதைப் பேசத்தான் எல்லோருக்கும் வெட்கம்!

எச்.ஐ.வி. கிருமி காயமில்லாத தோலைத் துளைத்துப் போகாது. பிறப்புறுப்பின் மெல்லிய ஈரச் சவ்வுதான் அதற்கு வாசல். அங்கே நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் காவல் நிற்கின்றன. அவற்றில் சில, வந்த கிருமியைப் பிடித்து, நிணநீர்க் கட்டிக்குக் கொண்டுபோய், சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களிடம் சேர்த்துவிடுகின்றன. கிருமி பெருகுவது அந்த அணுக்களுக்குள்தான். காவல்காரனே திருடனை வீட்டுக்குள் கூட்டி வந்த கதை!

பால்வினை நோயால் அங்கே புண் இருந்தால் இன்னும் மோசம். சவ்வு கிழிந்து வழி திறந்திருக்கும். புண்ணை ஆற்ற வந்த வெள்ளை அணுக்களும் அங்கேயே குவிந்திருக்கும். கிருமி தேடுவதும் அவற்றைத்தானே!

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். "நம்ம நாட்டுக்கு வராது" என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. "நம்ம வீட்டுக்கு வராது" என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

புண், சீழ், எரிச்சல் கண்டால் களிம்பு தடவி மறைக்காதீர்கள். லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ரகசியம் வெளியே போகாது.

ஆணுறை கிருமிக்குக் குறுக்குச் சுவர். தப்பு நடந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், கிருமி குடியேறாமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. கிருமி இருப்பது தெரிந்தாலும் உலகம் முடிந்துவிடாது. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கியிருந்தால், உடலுறவால் அடுத்தவருக்குப் பரவாது.

கணவன் வெட்கப்பட்டு மறைத்த புண்ணுக்கு, ஒன்றும் அறியாத மனைவி விலை கொடுக்கக் கூடாது!