வெறுங்கையின் கணக்கு

கையில் ஒன்றும் இல்லாதவர் முகத்தில் சலனமின்றி முழுத் தொகையையும் முன்னே தள்ளுவதையும், வலுவான சீட்டு வைத்திருப்பவர் அஞ்சி விலகுவதையும் திரைப்படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். போக்கர் ஆட்டத்தில் ‘பிளஃப்’ எனப்படும் இந்தப் பொய்ப் பந்தயம் துணிச்சலின் விளையாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். உற்று நோக்கினால் அது பெரும்பாலும் கணக்கின் விளையாட்டு. அந்தக் கணக்கு, பணம் வைத்து ஆடாமலே அறிந்துகொள்ளத் தக்கது என்பது எமது கருத்து.

வரம்பற்ற பந்தயம் கொண்ட ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டுகள் தரப்படும். எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் மேசையில் விரிக்கப்படும். முதலில் 3, பின்னர் ஒன்று, இறுதியில் ஒன்று. அந்த இறுதிச் சீட்டுக்கு ‘ரிவர்’ என்று பெயர். அதற்கு முன்புவரை, பொய்ப் பந்தயம் வைப்பவருக்கும் அடுத்த சீட்டு கைகொடுக்கலாம் என்ற நம்பிக்கை உண்டு. ரிவருக்குப் பின் அந்த நம்பிக்கை இல்லை. எதிராளி விலகினால்தான் வெறுங்கை வெல்லும்.

ஆகவே முதற்கேள்வி விலை பற்றியது. நடுவில் 100 ரூபாய் குவிந்திருக்கிறது என்று கொள்வோம். நாம் 50 வைத்தால், எதிராளி மூன்றில் ஒரு முறை விலகினாலே நட்டமில்லை. 100 வைத்தால் இரண்டில் ஒரு முறையும், 200 வைத்தால் மூன்றில் இரு முறையும் விலக வேண்டும். பெரிய பந்தயம் எதிராளியை அதிகம் அச்சுறுத்தும். ஆனால் அதே அளவு அடிக்கடி பலிக்கவும் வேண்டும். எதிராளிக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 கட்டி 200 பெற வாய்ப்பிருக்கையில், மூன்றில் ஒரு முறை நாம் பொய் சொல்கிறோம் என்று அவர் கருதினாலே கட்டிப் பார்ப்பது அவருக்கு நட்டமாகாது.

இரண்டாம் கேள்வி, எந்தக் கையைக் கொண்டு பொய் சொல்வது என்பது. கணிதமேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் 1944இல் வெளியிட்ட நூலில் எளிமைப்படுத்திய போக்கர் ஒன்றை ஆராய்ந்தார். மிகச் சிறந்த கைகளோடும் மிக மோசமான கைகளோடும் பந்தயம் வைக்க வேண்டும். நடுத்தரக் கையோடு அமைதி காக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. காரணம் எளிது. நடுத்தரக் கை, பந்தயம் இன்றிச் சீட்டைத் திறந்தாலே சில வேளை வெல்லும். அதைப் பொய்க்குச் செலவிடுவது இருப்பதை இழப்பதாகும்.

மூன்றாம் கேள்வி, நாம் சொல்லும் கதை தொடக்கம் முதல் பொருந்துகிறதா என்பது. 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டி இதற்குச் சிறந்த சான்று. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர், 86 டாலர் கட்டி ஆடிய இணையத் தகுதிச் சுற்றின் வழியாக, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட அப்போட்டிக்கு வந்தவர். 839 பேரில் எஞ்சிய இருவராக அவரும், தேர்ந்த ஆட்டக்காரரான சாமி ஃபாராவும் மோதினர். ஒரு சுற்றில் ஃபாராவிடம் ஒன்பதுகளின் சோடி இருந்தது. மனிமேக்கரிடம் இஸ்பேடு ராஜாவும் ஆட்டீன் ஏழும் மட்டுமே. மேசையில் மூன்றாம் இஸ்பேடு விழுந்தபோதே அவர் பந்தயத்தை உயர்த்தியிருந்தார். ரிவரில் எதுவும் பலிக்காத நிலையில் முழுவதையும் பந்தயமாக வைத்தார். ‘என்னிடம் ஐந்து இஸ்பேடுகள் சேர்ந்துவிட்டன’ என்ற கதை முந்தைய நடத்தையோடு பொருந்தியது. இஸ்பேடு ராஜா தம்மிடமே இருந்ததால், எதிராளியிடம் அத்தகைய கை இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. நெடுநேரம் யோசித்த ஃபாரா விலகினார். மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. மேசையில் அவர் எல்லாவற்றையும் முன்னே தள்ளியபோதும், அவர் தம் பையிலிருந்து தந்தது 86 டாலரே. வீட்டுப் பத்திரமோ பிள்ளைகளின் கல்விச் சேமிப்போ அந்த மேசையில் இல்லை.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எம் போன்றோர் தினமும் செய்வதும் கதையைச் சரிபார்ப்பதே. விற்பனை பெருகியதாக இருப்புநிலைக் குறிப்பு சொல்லும். நடப்புக் கணக்கின் வரவும் சரக்கு மற்றும் சேவை வரிப் படிவமும் அதையே சொல்கின்றனவா என்று பார்க்கிறோம். கடைசி மாதத்தில் மட்டும் திடீரென வீங்கும் எண் ஐயத்தை எழுப்பும்.

அதே கண்ணோடு வாடிக்கையாளர்களும் பார்க்க வேண்டிய பொய்ப் பந்தயம் ஒன்று இன்று நாடெங்கும் நடக்கிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று காணொளி அழைப்பில் மிரட்டுபவர் கையில் ஒரு சீட்டும் இல்லை. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. எனவேதான் அவர் பந்தயத்தை மிக உயர்த்துகிறார்: சிறை, அவமானம், வைப்புத்தொகை முழுவதும். யோசிக்க நேரமும் தருவதில்லை. போக்கரில் எதிராளியின் சீட்டைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். இங்கே பார்ப்பது இலவசம். அழைப்பைத் துண்டியுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கோ உங்கள் கிளைக்கோ பேசுங்கள். பொய் அங்கேயே உடையும்.

இந்தக் கணக்கைக் கற்றபின் கைபேசியில் ஆடிப் பார்க்கும் ஆசை சிலருக்கு எழக்கூடும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைபோவதையும் தடுக்கிறது. இந்தத் தடையை நாம் வரவேற்கிறோம். ஒவ்வொரு பந்தயத்தின் விலையையும் அமைதியாக எடைபோடக்கூடியவர் சிலரே. நட்டத்தை ஈடுகட்டும் அவசரத்தில் அடுத்த தொகையை அனுப்புபவர் பலர்.

விலை என்ன, இருப்பதை இழக்கிறோமா, கதை பொருந்துகிறதா என்ற மூன்று கேள்விகளைச் சீட்டாட்டத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். நிலம் வாங்கும்போதும், பிணையாளராகக் கையொப்பமிடும்போதும், இரட்டிப்பு வருமானம் தருவதாக ஒருவர் வாசலில் நிற்கும்போதும் அவை நமக்குப் பயன்படும்.