மாஸ்ஃபெட் தேர்வும் முதற்பக்கத்து ஆம்பியரும்

மண்ணின் ஈரத்தை அறிந்து, சிறு மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றின் கட்டளைப்படி 12 வோல்ட் பம்பைத் தானே இயக்கி நிறுத்தும் அமைப்பு, பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிகளிலும் வயல்வெளிச் செயல்விளக்கங்களிலும் இக்காலத்தில் அடிக்கடி காணப்படுவதொன்று. அதில் பம்பின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பொறுப்பு மாஸ்ஃபெட் என்னும் டிரான்ஸிஸ்டரைச் சேர்ந்தது. 1959-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் மொகமது அட்டல்லா, டாவோன் காங் ஆகிய இருவரும் உருவாக்கிய இச்சாதனம் இன்று எவரும் வாங்கத்தக்க விலையில் கிடைக்கிறது. விலை மலிந்ததோடு, அதைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கவேண்டிய கவனமும் மலிந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

பள்ளி ஒன்றில் ஒரே படத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட இரு பெட்டிகளை நான் காண நேர்ந்தது. ஒன்று செவ்வனே இயங்கியது; மற்றொன்றிலோ சில நிமிடங்களுக்குள் மாஸ்ஃபெட் கைவைக்க இயலாதவாறு கொதித்தது. மாணவர்கள் இதனை அதிர்ஷ்டம் என்று கொண்டனர். விஞ்ஞானம் பயிலும் மாணவன் இம்முடிவுக்கு வருவானாயின், சாதனம் கெட்டதைவிட அது பெரிய நஷ்டமாகும்.

அவ்விரண்டிலும் இருந்தது ஐஆர்எஃப் 540 என். அதன் விவரத்தாளின் முதற்பக்கத்தில் 33 ஆம்பியர் என்று காண்கிறது. பம்புக்கு வேண்டுவது 5 ஆம்பியர்தானே, ஆறு மடங்குக்கு மேல் பாதுகாப்பு உண்டு என்று ஆசிரியர் எண்ணியது இயல்பே. ஆனால் அந்த 33 ஆம்பியர், உறையின் உஷ்ணம் 25 டிகிரியிலேயே நிலைத்திருக்கும்போது, கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால் பொருந்துவது. விதர்ப்பத்துக் கோடையில் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் சாதனத்துக்கு அந்த எண் பொருந்தாது.

இதனினும் முக்கியமானது கேட் அழுத்தம். இவ்வகை மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் அழுத்தம் 2 வோல்ட் முதல் 4 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். 'திறக்கத் தொடங்கும்' என்பதற்கு கால் மில்லி-ஆம்பியர் ஓடத் தொடங்கும் என்பதே பொருள்; பம்பை இயக்கும் அளவுக்குத் திறந்துவிட்டது என்பதன்று. மைக்ரோகண்ட்ரோலர் தருவதோ 5 வோல்ட். 2 வோல்ட்டில் திறக்கத் தொடங்கும் துண்டு அதைக்கொண்டு ஓரளவு நன்றாகவே திறந்துவிடும். 4 வோல்ட்டில் தொடங்குவது பாதி திறந்து நிற்கும். அப்படி நிற்கையில் அதன் குறுக்கே 2 வோல்ட் தங்கினாலும், 5 ஆம்பியரில் 10 வாட் வெப்பம் எழும். வெப்பத்தகடு இல்லாத உறை ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறத்தாழ 62 டிகிரி ஏறும் என்பதை நினைவிற்கொண்டால், இரண்டாவது பெட்டி கொதித்ததில் வியப்பில்லை.

5 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறப்பதற்கென்று செய்யப்படும் இனம் தனியே உண்டு. ஐஆர்எல்இசட் 44 என் அவற்றுள் ஒன்று. கேட்டில் 5 வோல்ட் இருக்கும்போது அதன் தடை 25 மில்லி-ஓமுக்கு மேற்படாது என்று விவரத்தாளே உறுதி கூறுகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 0.625 வாட். சூடு ஏற ஏறத் தடையும் கூடுவதால் ஒன்றரை மடங்கு என்றே கொள்வோம். 58 டிகிரி ஏற்றம். பெட்டிக்குள் 45 டிகிரி இருப்பினும் 103 டிகிரியோடு நிற்கும். வரம்பு 175. ஆயினும் மோட்டார் புறப்படும் கணத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்குமாதலால் சிறிய அலுமினியத் தகடு ஒன்றை இணைப்பது நன்று. 3.3 வோல்ட் மட்டுமே தரும் மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு இதுவும் போதாது, 2.5 வோல்ட்டில் தடை குறிக்கப்பட்ட வேறொன்றைத் தேடவேண்டும்.

பயிற்சிப் பெட்டிகளில் ஐஆர்எஃப் 520 பலகைகள் இன்னும் இடம்பெறுவது எனக்கு விளங்கவில்லை. 10 வோல்ட் கொடுத்தும் அதன் தடை 0.27 ஓம் வரை இருக்கலாம். நமது பம்பில் அது 6.75 வாட் ஆகிறது.

அழுத்த வரம்பைப் பற்றிச் சிலர் மிகையாக அஞ்சி 200 வோல்ட் சாதனத்தை நாடுகின்றனர். அளவு ஒத்த சாதனங்களில் வரம்பு உயர்ந்தால் தடையும் உயரும். 12 வோல்ட் பாட்டரிக்கு 55 அல்லது 60 வோல்ட் போதுமானது. மோட்டாருக்குக் குறுக்கே டையோடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

களப்பணியாளர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. கெட்டுப்போன மாஸ்ஃபெட் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பு நிற்காமல் ஓடும், நாற்றங்கால் மூழ்கும், பாட்டரி வற்றும். ஆகவே பியூஸும் கையால் நிறுத்தும் ஸ்விட்சும் இல்லாமல் எந்த அமைப்பையும் வயலில் விட்டுவருதல் தகாது.

கொள்முதல் பட்டியலில் "33 ஆம்பியர் மாஸ்ஃபெட்" என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட்டு, "55 வோல்ட், கேட்டில் 5 வோல்ட் உள்ளபோது தடை 25 மில்லி-ஓமுக்கு மிகாதது" என்று எழுதக் கோருகிறேன்.