பிளஸ் ஒன் புத்தகத்தை மூடாதீர்கள்: பள்ளிப் படிப்பும் நுழைவுத் தேர்வும் பற்றி எங்கள் நிலைப்பாடு

மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் முதுகலை ஆசிரியர்களின் சங்கம் எங்களுடையது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஸ்கூல் பாடத்தைப் பார்க்கச் சொல்றதா, நீட்டுக்குப் படிக்கச் சொல்றதா?" இதற்குப் பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு வேறு பதில் சொல்லி வந்தோம். இனி ஒரே பதிலாகச் சொல்வது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பைப் பள்ளிப் பாடத்தின் மேல் இரண்டாவது மூட்டையாக ஏற்றக் கூடாது. பிளஸ் ஒன் முதல் நாளிலிருந்து வகுப்பறைப் பாடத்துக்குள்ளேயே அது நடக்க வேண்டும். இதற்கு இடம் தராத எந்த ஏற்பாட்டையும், அதைச் செய்வது தனியார் பயிற்சி மையமானாலும் எங்கள் பள்ளியே ஆனாலும், நாங்கள் ஏற்கவில்லை.

நீட் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். விலக்குக் கேட்டு 2017இலும் 2021இலும் மசோதா நிறைவேற்றிய சட்டப்பேரவையின் பக்கமே எங்கள் சங்கமும் நிற்கிறது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் எங்களை உறுத்திய கணக்கு இது: மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவர்களில் 'ரிப்பீட்டர்' பங்கு 2016-17இல் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2020-21இல் 71 சதவீதத்தைத் தாண்டியது. பிளஸ் டூ முடித்த கையோடு இடம் பிடிப்பது அரிதாகிப்போனதன் அடையாளம் இது. ஆனாலும் இன்று பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நீட் விலக்குக் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளையை நினைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில், யாருக்கு நுழைவுத் தேர்வு வேண்டும்? மாநிலத்தின் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப்தான் அங்கே எல்லாம். வேளாண்மை, கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீடு, கலை அறிவியல் கல்லூரிகள் ஆகியவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். மருத்துவம், பல் மருத்துவம், சித்தா முதலியவற்றுக்கு நீட்; ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கு ஜே.இ.இ.; கட்டடக் கலைக்கு நாட்டா; மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட். ஆக, அறிவியல் பிரிவில் சேர்ந்த ஒரே காரணத்துக்காக வகுப்பு முழுவதையும் நீட் பயிற்சியில் தள்ளி அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே நுழைவுச்சீட்டாக இருக்கும் பிள்ளையின் நேரத்தை அது தின்கிறது. பயிற்சி விருப்பமாக இருக்கட்டும். அதில் சேராத பிள்ளையை 'அந்த செக்‌ஷன்' என்று ஒதுக்கும் பேச்சும் ஆசிரியர் அறையிலேயே நிற்க வேண்டும்.

இனி பிளஸ் ஒன். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1200 மதிப்பெண் காலம் பலருக்கு நினைவிருக்கும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பெயர்போன விடுதிப் பள்ளிகள் பல பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை மட்டும் உருப்போட வைத்தன. சென்டம் குவிந்தது. கல்லூரி முதலாண்டில் அதே பிள்ளைகள் தடுமாறினார்கள். 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது 2025-26 முதல் அந்தத் தேர்வை அரசு கைவிட்டிருக்கிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்ததை வரவேற்கிறோம். ஆனால் பழைய வழக்கம் கொல்லைப்புறமாக நுழையும் என்ற அச்சமும் எங்களுக்கு உண்டு.

நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. அதைவிட முக்கியம், ஓராண்டுப் பாடத்தின் மேல்தான் அடுத்த ஆண்டுப் பாடம் நிற்கிறது. பிளஸ் ஒன் வேதியியலில் வேதிச் சமநிலை புரியாதவருக்குப் பிளஸ் டூவில் அயனிச் சமநிலை வெறும் சூத்திரக் குவியல். சுருள்வில்லில் கட்டிய நிறை எப்படி அலைகிறது என்பதைப் பிளஸ் ஒன்னில் பார்த்தவர், மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் நடக்கும் அலைவைப் பாதி தெரிந்ததாகவே படிப்பார்.

எங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது அலகு. அங்கே வகைநுண்கணிதம் வேண்டும். கணிதத்திலோ அது இரண்டாம் தொகுதியில் வருகிறது. 'கணக்கு சார் சொல்லித் தருவார்' என்று இயற்பியல் ஆசிரியர் நகர்கிறார். கணக்கு ஆசிரியர் அங்கே வந்து சேரும்போது ஆண்டின் பாதி போய்விடுகிறது. இரண்டு பேரும் ஜூன் முதல் வாரத்தில் ஒரு தேநீர் நேரம் உட்கார்ந்தால் தீர்கிற விஷயம் இது. பயிற்சி மையத்தில் பிள்ளை பணம் கட்டிக் கற்பதில் ஒரு பங்கு, நாங்கள் இப்படி நழுவவிட்டதுதான் என்று ஒப்புக்கொள்கிறோம்.

அப்படியானால் தயாரிப்பு வகுப்புக்குள் நடப்பது எப்படி? பொதுத்தேர்வு கேட்கும் திறமை வேறு, நீட் கேட்கும் திறமை வேறு. பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஒரு மார்க் கேள்விகளுக்கு 15தான். மீதி 55 எழுதி விளக்குவதற்கு. நீட் 180 கேள்வி, 180 நிமிடம், சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். பொதுத்தேர்வுக்கு அனுப்பும்போது 'தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா' என்போம். நீட்டில் அது கேடு. இந்த வேறுபாட்டுக்குத் தனி மையம் தேவையில்லை. ஒரு தருவித்தலை நடத்தி முடித்ததும் அதே வகுப்பில் அதிலிருந்து ஐந்து பலவுள் தெரிவு வினாக்களைக் கொடுத்து, தவறான விடை ஏன் தவறு என்று பிள்ளையையே சொல்லவைத்தால் போதும். பத்து நிமிட வேலை. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கத்தை விட்டால் அந்தப் பத்து நிமிடம் தானே கிடைக்கும். 'மினிமம் மெட்டீரியல்' தேர்ச்சி பெறத் திணறும் பிள்ளைக்காக உருவானது. அதை வகுப்பு முழுவதற்கும் பாடமாக்கியது எங்கள் பிழை.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு, பிறகு பள்ளி, மாலை மீண்டும் சிறப்பு வகுப்பு, அங்கிருந்து பயிற்சி மையம், ஒன்பது மணிக்குப் பஸ். வீட்டுக்குப் போனதும் ரெக்கார்டு நோட்டு. இப்படி ஓடும் பிள்ளை தானாக உட்கார்ந்து படித்துப் பார்க்கும் நேரம் எது? கேட்டது பாடமாவது தனியே உட்காரும்போதுதான். எங்கள் நிலைப்பாடு: மாலை ஐந்தரைக்கு மேல் பள்ளியில் வகுப்பு வேண்டாம், ஞாயிறு முழு விடுமுறை. ஆய்வகத்தில் செய்த அன்றே ரெக்கார்டை அங்கேயே எழுதி முடிக்கட்டும். பார்த்து எழுதும் இரவு வேலையால் யாருக்கும் பயன் இல்லை.

பயிற்சி மையங்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, பள்ளி நேரத்தில் வகுப்பு கூடாது, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது அது. இருந்தும் ஆறாம் வகுப்புக்கே 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' விளம்பரம் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. நெறிமுறை தாளோடு நிற்காமல், மாநில அரசு அதைக் கட்டாய விதியாக்க வேண்டும். பெயரைப் பள்ளியில் வைத்துவிட்டுப் பிள்ளையை மையத்திலேயே உட்காரவைக்கும் டம்மி ஸ்கூல் ஏற்பாட்டுக்கு நம் மாநிலத்தில் இடமே இருக்கக் கூடாது.

கல்வித் துறையிடம் இன்னும் இரண்டு கேட்கிறோம். ஜனவரியில் ஜே.இ.இ. முதல் அமர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் ஜே.இ.இ. இரண்டாம் அமர்வு, மே தொடக்கத்தில் நீட். இவற்றுக்கு இடையே மூன்று திருப்புதல் தேர்வு. ஒன்றைக் குறைத்து அந்த நாட்களைப் பிள்ளைகளின் சொந்தப் படிப்புக்கு விடுங்கள். அடுத்து, முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும்போது பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்காமல், பிளஸ் ஒன் வகுப்புக்குள் போய் எந்த அலகு நடக்கிறது என்று பார்க்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்காகக் கடன் வாங்கி மையத்தில் சேர்க்கும் முன், பள்ளியில் நடக்கும் இலவசப் பயிற்சியைப் பிள்ளையோடு வந்து ஒருமுறை பாருங்கள். குறை இருந்தால் எங்களிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதுவது பற்றியும் முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையோடு பேசிவிடுங்கள். முடிவு வந்த அன்று இரவு அதற்கான நேரமல்ல.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு தீர்மானம். உடற்கல்வி பீரியடைக் கடன் கேட்பது நம் வழக்கம். திருப்பிக் கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. வரும் ஜூன் முதல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு அந்தப் பீரியடில் சங்க உறுப்பினர் எவரும் சாக்பீஸோடு போவதில்லை. போனால், பிள்ளைகள் இந்த அறிக்கையைக் காட்டி எங்களை வெளியே அனுப்பலாம்.