மின்வண்டிக்கு எத்தனை அம்பியர்-மணி?

உலையில் அரிசி இடுமுன் உண்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். பானை எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டும் பார்த்து எவரும் சமைப்பதில்லை. ஆனால், மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டிக்குப் பற்றரி வாங்கச் செல்வோர் பலர் இம்முறையை மறந்துவிடுகின்றனர். பற்றரியின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைப் பார்க்கின்றனர், விலையைக் கேட்கின்றனர், வாங்கி வந்துவிடுகின்றனர். வண்டி எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தகைய தரையில் ஓட வேண்டும், எவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்ற கேள்விகள் பின்னரே எழுகின்றன. அதற்குள் கைப்பணம் கரைந்துவிடுகின்றது.

இவ்வகை வண்டிகளுள் பெயர் பெற்றது கோல்ப் வண்டி. ஆட்டக்காரரையும் அவர்தம் கோல்களையும் சுமந்து புல்வெளியில் மெல்ல ஊர்வதற்காக 1950களில் அமெரிக்காவில் பரவிய வண்டி அது. நம் நாட்டில் நுவரெலியாவில் 1889 முதல் கோல்ப் மைதானம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்து நாயாற்றில் அது இல்லை. அங்கே இருப்பவை கடலும் களப்பும், இடையே மணற்கரையும், மீன் வாடிகளுமே. ஆயினும் மெதுவாகச் செல்வதும், அடிக்கடி நின்று புறப்படுவதும், பாரம் சுமப்பதுமாகிய கோல்ப் வண்டியின் தொழிலே மீன்பெட்டியும் பனிக்கட்டியும் ஏற்றும் வண்டியின் தொழிலும் ஆகும்.

எரிபொருளை மட்டும் நம்பியிருப்பதன் துன்பத்தை 2022ஆம் ஆண்டு இலங்கையர் யாவருக்கும் கற்பித்தது. வள்ளங்களின் இயந்திரங்களுக்கு வேண்டிய மண்ணெண்ணெயின் விலை, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மின்வண்டியைப் பற்றி எண்ணுவோர் தொகை பெருகியதில் வியப்பில்லை.

மின்சாரத்தைச் சிக்கனமாகக் கையாளும் கலை வன்னி மக்களுக்குப் புதியதன்று. 1990இன் பின் போர்க்காலத்தில் மின்சாரம் அற்றுப்போனபோது, மின்சூள் கலங்கள் தாமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. ஒவ்வொரு துளி மின்சாரத்துக்கும் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அவர்கள் காலாலேயே கற்றவர்கள். இன்று அதே கணக்கைப் பென்சிலாற் செய்வோம். மாணவர்கள் கொப்பியை எடுத்துக்கொள்ளலாம்.

முதலிற் பாதையைக் கணக்கிடுவோம். நாயாற்றிலிருந்து செம்மலை, அளம்பில் பக்கமாகத் தார்வீதியில் 10 கிலோமீற்றர் சென்று திரும்பும் ஒரு வண்டியைக் கற்பனை செய்வோம். தார்வீதியில் மொத்தம் 20 கிலோமீற்றர். வாடிகளுக்கும் வீதிக்கும் இடையே மணலில் நாளொன்றுக்கு 4 கிலோமீற்றர். பாரத்துடன் வண்டியின் எடை 700 கிலோகிராம். மெதுவாகச் சென்றால், தார்வீதியில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 60 வாற்று-மணி செலவாகும். இளகிய மணலிலோ சக்கரம் புதைந்து புதைந்து எழவேண்டியிருப்பதால் செலவு ஐந்து மடங்காகி, ஏறத்தாழ 300 வாற்று-மணியாகும்.

தார்வீதிக்கு 20ஐ 60ஆற் பெருக்கினால் 1200. மணலுக்கு 4ஐ 300ஆற் பெருக்கினாலும் அதே 1200! நான்கு கிலோமீற்றர் மணல், இருபது கிலோமீற்றர் தார்வீதிக்குச் சமமாகிவிட்டது. எனவே, “எவ்வளவு தூரம்?” என்று கேட்பது மட்டும் போதாது, “எந்தத் தரையில்?” என்றும் கேட்டாக வேண்டும். மொத்தச் செலவு 2400 வாற்று-மணி. வண்டியின் மின்னழுத்தம் 48 வோல்ற்று எனின், 2400ஐ 48ஆல் வகுக்க வருவது 50 அம்பியர்-மணி.

அப்படியாயின் 50 அம்பியர்-மணிப் பற்றரி போதுமே என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் பலரும் இடறுகின்றனர்.

கோல்ப் வண்டிகளில் வழங்கும் 6 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி ஒன்றின்மேல் 225 அம்பியர்-மணி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல, அதாவது 11.25 அம்பியர் வீதம், எடுத்தாற் கிடைக்கும் அளவு. அதே பற்றரியிலிருந்து 75 அம்பியர் எடுத்தால் 3 மணி நேரம் வரவேண்டுமல்லவா? வருவதோ ஏறத்தாழ 115 நிமிடங்களே. 225 எழுதியிருந்தும் கைக்குக் கிடைப்பது 144தான். அவசரப்படுத்திக் கறந்தால் மாடு பாலை மடியிலேயே அடக்கிக்கொள்வதுபோல, விரைந்து எடுத்தாற் பற்றரியும் தன் சக்தியை உள்ளே நிறுத்திக்கொள்கின்றது. அமிலம் ஈயத் தகட்டின் நுண்துளைகளுட் சென்று சேர நேரம் வேண்டும் என்பதே இதன் காரணம். இவ்விதியைப் பியூக்கேர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897இல் வகுத்தார்.

நமது வண்டி மணலில் 60 அம்பியரும், தார்வீதியில் அதன் பாதியளவும் எடுக்கும். ஆகவே எழுதிய அளவில் முக்காற் பங்கே கிடைக்கும் என்று கொள்வோம். அதிலும் பாதிக்குமேல் எடுக்கலாகாது. நாள்தோறும் அடிவரை வற்றவிடும் ஈயப் பற்றரி விரைவில் தளர்ந்துவிடும். 50ஐ 0.75ஆலும், பின்னர் 0.5ஆலும் வகுத்தால் 133. பற்றரி முதுமையடையும்போது கொள்ளளவு எண்பது சதவீதமாகக் குறையும், ஆதலால் 0.8ஆலும் வகுத்தால் 167. கடையில் 8 வோல்ற்று, 170 அம்பியர்-மணி கொண்ட கோல்ப் வண்டிப் பற்றரிகள் உண்டு. அவற்றுள் ஆறினைத் தொடராக இணைத்தாற் கணக்கு நிறைவெய்தும்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடராக இணைக்கும்போது வோல்ற்று மட்டுமே கூடும், அம்பியர்-மணி கூடாது. ஆறு பற்றரிகளும் சேர்ந்து 48 வோல்ற்று, 170 அம்பியர்-மணியே, 1020 அன்று.

50 மட்டும் வாங்கியவரின் வண்டி, கடைசி 2 கிலோமீற்றர் மணலில் நின்றுவிடும். 100 வாங்கியவருடையது தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். ஆனால், நாள்தோறும் மூன்றில் இரு பங்கு வற்றிப்போவதால் விரைவில் மறு பற்றரி தேட நேரும். மலிவு என்று வாங்கியது இரட்டைச் செலவாக முடியும். மோட்டார் வாகனத்தைக் கிளப்பும் சாதாரணப் பற்றரியும் இதற்கு ஆகாது. ஒரு கணம் பெரும் ஓட்டத்தைக் கொடுக்கவே அதன் மெல்லிய தகடுகள் அமைந்தவை. நெடுநேர உழைப்பை அவை தாங்கா.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி வேறு இயல்புடையது. விரைவாக எடுத்தாலும் அளவு அவ்வளவாகக் குறையாது. எண்பது சதவீதம் வரை எடுக்கலாம். 50ஐ 0.8ஆல் இருமுறை வகுத்தால் 78. ஆகவே 80 அம்பியர்-மணி போதும். மேற்கூறிய ஆறு ஈயப் பற்றரிகளும் ஏறத்தாழ 170 கிலோகிராம் நிறையுடையன. இதுவோ அதில் மூன்றிலொரு பங்கும் வராது. மணலில் ஓடும் வண்டிக்கு இது சிறிய நன்மையன்று. விலை மட்டும் கூடுதல். அதற்குரிய மின்னேற்றியும் பாதுகாப்புச் சுற்றும் கட்டாயம் வேண்டும்.

ஈயப் பற்றரியைத் தெரிந்தவர் அதனைப் பேணும் முறையையும் அறிதல் வேண்டும். ஓடிமுடிந்த அன்றிரவே மின்னேற்றுக. அதற்கு மூன்று அலகுக்குச் சற்று மேலான மின்சாரம் செலவாகும். வடித்த நீரைத் தவிர வேறு நீர் ஊற்றற்க. மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமான இடத்தில், நெருப்பை அண்டவிடாது வைத்தல் அவசியம். கடற்காற்றின் உப்பு முனைகளை அரிக்கும். துடைத்து வசிலீன் பூசி வருக. பழையதுடன் புதியதைச் சேர்த்து இணைக்கவேண்டாம். ஆறில் ஒன்று நலிந்தாலும் ஆறும் நலியும். பொதுவீதியில் ஓட்டுவதற்கு வண்டியின் பதிவும் இன்றியமையாதது.

நாம் வைத்துக்கொண்ட 60, 300 என்னும் எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே வாங்குமுன் அத்தகைய வண்டியொன்றை இரவல் பெற்று, பாரம் ஏற்றி, வழக்கமான பாதையில் ஒருநாள் ஓட்டி, செலவாகும் வாற்று-மணியை அளந்து பார்ப்பது நலம். அந்த எண் கையில் இருந்தால், எந்தக் கடைக்காரரிடமும் தயக்கமின்றிப் பேசலாம். கணக்குப் பாதையிலிருந்து பற்றரிக்கு வரவேண்டும்; பற்றரியிலிருந்து பாதைக்குப் போகலாகாது.